எட்டே முக்காலும் ஒன்பது ஐந்தும்

ஜனவரி 30 அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் பாங்கில் இரண்டு நிமிஷம் எழுந்து நிற்போம். சர்க்குலர் முந்தின நாளே வந்துவிடும். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நாங்கள் தலை குனிந்து நிற்க, அந்தப் பக்கம் நிற்பவர்கள் சர்க்குலர் பெறாதவர்களாகையால் பாஸ் புத்தகத்தை நீட்டியபடி எங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். ஒரு தடவை ஒரு பெரியவர், யார் தவறிப் போனது என்று கேட்டார். ஹெட் காஷியர் கண்ணைத் திறக்காமலே, காந்தி என்றார். "எப்போ?" என்று கேட்டுவிட்டுப் பெரியவர் தாமே சுதாரித்துக்கொண்டார்.

அது அப்படியொன்றும் தப்பான கேள்வி அல்ல. 1948ல் காந்தி சுடப்பட்டது மாலை ஐந்து மணிக்கு மேல். காலை பதினொரு மணிக்கு அவர் பிர்லா மாளிகையில் உயிரோடு இருந்தார். நாங்கள் எழுந்து நிற்கிற அந்த மணி முதல் உலக யுத்தம் நின்ற மணி. 1918 நவம்பர் 11ஆம் தேதி பதினொரு மணிக்குப் பீரங்கிகள் ஓய்ந்தன. அடுத்த வருஷம் அதே தேதியில் அதே மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனமாக இருக்கும்படி ஐந்தாம் ஜார்ஜ் தம் சாம்ராஜ்யம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். சாம்ராஜ்யம் போய் மணி மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. சர்க்கார் துக்கம் கொண்டாடும் மணிக்கும் மனிதன் செத்த மணிக்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய அவசியமில்லை என்பதை நாம் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

எனக்கு இந்த மணிக்கணக்கில் அக்கறை பிறந்தது ஒரு காகிதத்தால். நான் குரோம்பேட்டைவாசி. பிறப்பால் தென்னிந்தியத் திருச்சபைக்காரன். நம்பிக்கையால் என்ன என்று கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் அவகாசம் கேட்பேன். பாங்க் குமாஸ்தா என்பதால் சபைக் கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்து, அந்த வழியில் கமிட்டிக் கூட்டத்தில் ஓரத்து நாற்காலி ஒன்றும் கிடைத்தது. 2024 ஏப்ரலில் நடந்த ஒரு கூட்டத்தில், டீ வந்த பிறகு, போதகர் ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கொடுத்தவர் எங்கள் சபையில் எல்லோருக்கும் அக்கா. மட்டக்களப்புக்காரர். 1990ல் இங்கே வந்தவர். முப்பத்து நான்கு வருஷமாகக் குரோம்பேட்டையில் வாடகை கொடுத்து, ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் தவறாமல் காணிக்கை கொடுத்து, இன்னும் எந்த ஊர்ப் பிரஜையும் ஆகாமல் இருப்பவர். 2019 டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் இலங்கைத் தமிழர்களுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

அந்த வருஷம் ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. 2019ல் ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கைக் கோயில்களில் குண்டு வெடித்த தேதி. அன்றைய மன்றாட்டு ஜெபத்தில் தாம் எழுதிக் கொடுத்திருக்கும் பதினொரு பெயர்களை வாசிக்க வேண்டும் என்பது அக்காவின் விண்ணப்பம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் தேதி போட்டிருந்தார். ஐந்து பெயர்களுக்கு 21.4.2019. நான்கு பெயர்களுக்கு 26.12.2004. ஒரு பெயருக்கு 25.12.2005. கடைசிப் பெயருக்கு செப்டம்பர் 1990 என்று மட்டும், நாள் இல்லை.

கமிட்டியில் மூன்று ஆட்சேபம் வந்தது. முதலாவது, இது வேறு தேசத்து விவகாரம். இரண்டாவது, இறந்தவர்களுக்காக ஜெபிப்பது நம்முடைய உபதேசம் அல்ல, கத்தோலிக்கர்கள் செய்வது. மூன்றாவதைச் சொன்னவர் சபையில் நான் மதிக்கும் மனிதர். சுனாமிக்கு மறுவாரம் லாரி பிடித்து நாகப்பட்டினம் போனவர். அவர் காகிதத்தை மூக்குக்கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: சுனாமியும் ஈஸ்டர் குண்டும் தேசத் துயரம், அதை வாசிக்கலாம். மற்ற இரண்டும் அரசியல்.

அவர் சொன்னதைத்தான் இங்கே விசாரிக்க விரும்புகிறேன். அதற்குமுன் மற்ற இரண்டு ஆட்சேபங்களையும் பார்த்துவிடலாம். அவற்றில் சரித்திரம் நிறைய இருக்கிறது. எங்கள் கமிட்டிக்கு அது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

தேசத்தின் துக்கத்தைச் சபை கொண்டாடுவது என்பது ஆங்கிலேயர்களிடமிருந்து நமக்கு வந்த வழக்கம். அவர்களிடத்தில் அது சட்டமாகவே இருந்தது. 1662ஆம் வருஷத்துப் பொது ஜெபப் புத்தகத்தோடு மூன்று ராஜாங்க ஆராதனைகள் சேர்க்கப்பட்டன. ஒன்று நவம்பர் 5, பார்லிமெண்டை வெடிவைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்ட நாள். ஒன்று மே 29, முடியாட்சி திரும்பிய நாள். மற்றது ஜனவரி 30. 1649ல் முதலாம் சார்லஸ் மன்னனின் தலையை வெட்டிய நாள். அன்று முழு தேசமும் உபவாசம் இருந்து, ராஜாவைக் கொன்ற பாவத்துக்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஜனவரி 30 என்பது தற்செயல்தான். ஆனால் எங்கள் பாங்க் எழுந்து நிற்கும் தேதியில் இருநூறு வருஷம் வேறு ஒரு மரணத்துக்காக மனிதர்கள் கோயிலில் முழங்காலில் நின்றிருக்கிறார்கள் என்பதை அறிந்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மன்னன் தலை விழுந்தபோது சென்னைக் கோட்டைக்கு வயது பத்துகூட நிரம்பவில்லை. கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் கோயிலை 1680ல் பிரதிஷ்டை செய்தார்கள். அங்கே அந்த ஜெபப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கும்பெனிக் குமாஸ்தாக்களும் இந்த உபவாசத்துக்குக் கட்டுப்பட்டவர்களே.

எலியட்டின் 'லிட்டில் கிட்டிங்'கை நம்மில் பலர் படித்திருக்கிறோம். தோற்ற ராஜா ராத்திரியில் ஒதுங்கிய அந்தச் சிறு கோயில் இதே சார்லஸோடு சம்பந்தப்பட்டது. கவிதையில் அவன் தோற்றவன் மட்டுமே. ஜெபப் புத்தகத்தில் அவன் ரத்தசாட்சி. அவனைத் தோற்கடித்தவர்கள் சாத்தானின் கருவிகள். உள்நாட்டு யுத்தத்தில் எதிர்ப்பக்கம் நின்று செத்தவர்களும் இங்கிலாந்துக்காரர்கள்தானே, அவர்களுக்கு என்ன ஜெபம் என்றால், ஒன்றும் இல்லை. ஜெயித்துத் திரும்பிய ராஜாங்கம் எழுதிய ஜெபம் அது. 1859ல் விக்டோரியா மகாராணியின் உத்தரவு ஒன்று அந்த மூன்று ஆராதனைகளையும் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. சட்டத்தால் வந்த துக்கம் சட்டத்தாலேயே போயிற்று.

எடுப்பதற்கு இரண்டே வருஷம் முன்னால், 1857 அக்டோபர் 7ஆம் தேதி புதன்கிழமை, இந்தியாவில் நடந்த 'கலக'த்துக்காக இங்கிலாந்து முழுதும் தேசிய உபவாச தினம் கொண்டாடப்பட்டது. கடைகளை மூடிவிட்டு ஜனங்கள் கோயிலுக்குப் போனார்கள். லண்டன் படிக மாளிகையில் ஸ்பர்ஜன் செய்த பிரசங்கத்தை 23,000 பேருக்கு மேல் கேட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். நம்மூர்ப் பிரசங்கிகள் இன்றும் வணங்கும் அந்த மனிதர் அன்று கலகக்காரர்களைத் தண்டிப்பது நியாயம் என்றே பேசினார். பிறகு கான்பூரில், முற்றுகையில் இறந்த வெள்ளையர்களுக்காக ஒரு கோயில் கட்டினார்கள், 1875ல் முடிந்தது. சகல ஆத்துமாக்கள் கோயில் என்று பெயர். சகல ஆத்துமாக்கள்! சுவரில் கல்லில் வெட்டியிருக்கும் பெயர்களைப் படித்தால் சகலம் என்பதன் எல்லை தெரியும். கான்பூரை மீட்டபிறகு தூக்கிலும் பீரங்கி வாயிலும் போனவர்களின் ஊரும் அதுதான். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. பீபீகர் கிணற்றின்மேல் வெள்ளையர்கள் வைத்த பளிங்குத் தேவதையைச் சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கோயில் தோட்டத்துக்கு மாற்றினார்கள். கிணறு இருந்த பூங்காவில் அதுவரை இந்தியன் கால் வைக்க முடியாது.

ஆக, சபை தேசத்தின் துக்கத்தைக் கடன் வாங்கும்போது தேசத்தின் பட்டியலையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. இதைக் குற்றம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன், ஏனென்றால் கடன் வாங்கியதால் சபை மாறியும் இருக்கிறது. கமிட்டியின் இரண்டாவது ஆட்சேபத்துக்குப் பதில் அங்கே கிடைக்கிறது.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்பது சீர்திருத்தக் காலத்து முடிவு. இறந்தவன் கர்த்தரின் கையில் இருக்கிறான். இங்கிருந்து நாம் சிபாரிசுக் கடிதம் அனுப்ப முடியாது. ஆங்கிலத் திருச்சபை முன்னூறு வருஷத்துக்கு மேல் இதில் உறுதியாக நின்றது. பிறகு 1914 வந்தது. உடல்கூடத் திரும்பி வராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் கோயிலுக்கு வந்து, என் மகனுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உபதேசத்தைக் காட்டி அவர்களைத் திருப்பி அனுப்பும் தைரியம் பாதிரிமார்களுக்கு இல்லாமல் போயிற்று. 1917ல் யுத்த கால ஜெபங்களாக அதிகாரபூர்வமாக வெளியிட்டவற்றில் இறந்தவர்களுக்கான மன்றாட்டும் இடம் பெற்றது. வேதசாஸ்திரிகள் முன்னூறு வருஷம் வாதாடிச் சாதிக்க முடியாததைத் தாய்மார்கள் மூன்று வருஷத்தில் சாதித்தார்கள். நந்தம்பாக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணியில் போகிற தூரத்தில், சென்னை யுத்தக் கல்லறை இருக்கிறது. கத்தரித்த புல், வரிசை வரிசையாக ஒரே அளவுக் கற்கள். முதல் யுத்தத்தில் இறந்து நாட்டின் வேறு இடங்களில் புதைந்து கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே ஒரு சுவரில் இருக்கின்றன. உடல் ஓரிடத்திலும் பெயர் ஓரிடத்திலும் இருக்கலாம் என்பதற்கு அது போதும்.

தவிரவும், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று எங்கள் கமிட்டி அங்கத்தினர்கள் எல்லோரும் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு அப்பா அம்மா கல்லறைக்குப் போகிறவர்கள்தான். அங்கே கண்ணை மூடி என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

வேறு தேசம் என்ற ஆட்சேபத்தை இன்னும் சுருக்கமாக முடித்துவிடலாம். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. சுதந்திர இந்தியாவுக்கு அது ஆறு வாரம் இளையது. பிறந்த அன்றே அதன் அத்தியட்சாதீனங்களில் ஒன்று இந்தியாவுக்கு வெளியே, யாழ்ப்பாணத்தில் இருந்தது. இன்றும் இருக்கிறது. அதன் முதல் அத்தியட்சர் சபாபதி குலேந்திரன். தமிழ் வேதாகமத்தின் சரித்திரத்தை எழுதியவர். பாக் ஜலசந்தியை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் ஆரம்பித்த சபைக்கு, குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் பேரால் பேர் பெற்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் எல்லைக்கோடு போட்டோம்.

இனி மூன்றாவது ஆட்சேபம். தேசத் துயரம் எது, அரசியல் எது?

அக்காவின் காகிதத்தில் இருந்த நான்கு தேதிகளும் ஒரே ஊரைச் சுற்றி நடந்தவை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு. எனக்கு அப்போது வயது பதின்மூன்று. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது மெரினாவில் கடல் ஏறிவிட்டதாகச் சொன்னார்கள். குரோம்பேட்டையில் யாரும் நம்பவில்லை. மத்தியானத்துக்குள் நம்பினோம். கிறிஸ்மஸுக்கு வேளாங்கண்ணி போயிருந்த யாத்ரீகர்கள் கடற்கரையில் இருந்த நேரம் அது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். குமரிக் கடற்கரையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய ஊர்களில், ஊரே ஒரு கோயில் பங்காக இருந்த இடங்களில், நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டாகப் புதைத்தார்கள். இன்றும் டிசம்பர் 26 அன்று அந்தக் குழிகளின்மேல் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். முந்தின ராத்திரி கட்டிய நட்சத்திர விளக்கு பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பண்டிகையும் துக்கமும் அடுத்தடுத்த நாளில் வருவது புதிதாகப் பார்ப்பவர்களுக்கு உறுத்தலாம். சபையின் பழைய பஞ்சாங்கத்துக்கு அது உறுத்தவில்லை. டிசம்பர் 26 கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28 ஏரோது கொன்ற குழந்தைகளின் நாள். பிறப்புக்குப் பக்கத்தில் கொலைக்கு இடம் ஒதுக்கி வைத்த யாரோ ஒருவர் மனித அனுபவத்தை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மட்டக்களப்பிலும் அதே அலை. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அங்கே வருஷந்தோறும் டிசம்பர் 26 அன்று ஒன்பது இருபத்தைந்துக்கு இரண்டு நிமிஷம் தேசம் மௌனம் காக்கிறது. காலியை நோக்கிப் போன ரயிலைப் பெராலியவில் அலை அடித்ததை ஒட்டிய நேரம் அது. கிழக்குக் கரையில் அலை அதற்கு முன்பே வந்து தன் வேலையை முடித்துவிட்டது. சுமாத்ராவிலிருந்து வரும் நீருக்குக் கிழக்குதானே முதல் வாசல்.

மறு வருஷம், 2005 கிறிஸ்மஸ் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நற்கருணை பெற்றுத் திரும்பிக்கொண்டிருந்த பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டுக் கொன்றார்கள். பக்கத்தில் இருந்த அவர் மனைவிக்கும் காயம். பத்து வருஷம் கழித்துச் சிலரைப் பிடித்தார்கள். 2021 ஜனவரியில், வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு சொல்லவே, எல்லோரும் விடுதலையானார்கள். கோயிலுக்குள், பண்டிகை ராத்திரியில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க நடந்த கொலை. இதற்குத் தேசிய மௌனம் எந்த மணிக்கும் இல்லை. அக்காவின் காகிதத்தில் 25.12.2005க்கு எதிரில் இருந்த பெயர் அவருடையதுதான். அக்காவுக்கு அவர் உறவு இல்லை. "எங்கட கோயிலுக்குள்ள நடந்தது, தம்பி" என்று மட்டும் சொன்னார். (அந்தக் கோயில் கத்தோலிக்கக் கோயில், அக்கா கத்தோலிக்கரும் இல்லை.)

பிறகு 2019 ஏப்ரல் 21. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயிலில் எட்டே முக்காலுக்கு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியில் செபஸ்தியார் கோயில். கொழும்பில் மூன்று பெரிய ஓட்டல்கள். எல்லாமாக 260 பேருக்கு மேல் இறந்தார்கள். மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் வெடித்தபோது மணி ஒன்பது ஐந்து. ஓய்வுநாள் பள்ளி முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் பலகாரம் தின்றுகொண்டு நின்ற நேரம். அங்கே இறந்த முப்பது பேரில் கிட்டத்தட்டப் பாதி குழந்தைகள். சில பெயர்களுக்கு முன்னால் அக்கா வயதையும் எழுதியிருந்தார். ஒன்பது. பதின்மூன்று.

இரண்டு நாள் கழித்துத் தேசம் காலை எட்டரைக்கு மூன்று நிமிஷம் மௌனம் காத்தது. அதன்பிறகு வருஷாவருஷம் ஏப்ரல் 21 அன்று எட்டே முக்காலுக்குக் கோயில் மணிகள் அடிக்கின்றன. கொழும்பின் மணி அது. எட்டே முக்காலுக்கு மட்டக்களப்புப் பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இந்த இருபது நிமிஷத்தைப் பற்றி நான் ஏதோ சதி இருப்பதுபோலப் பேசவில்லை. ஒரு தேசத்துக்கு ஒரு மணிதான் இருக்க முடியும். அது தலைநகரத்தின் மணியாகவே இருக்கும். கஷ்டம் என்னவென்றால், சபையும் அந்த மணியைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்கிறது. கொழும்பு கர்தினால் மால்கம் ரஞ்சித் விசாரணை வேண்டுமென்று வருஷக்கணக்காகப் போராடியவர். எச்சரிக்கை வந்தும் தடுக்காமல் விட்டதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன பத்துக் கோடி ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததில் அந்தப் போராட்டத்துக்கும் பங்கு உண்டு. அவர்தான் 2025 ஏப்ரல் 21 அன்று, இறந்தவர்களில் 167 பேரின் பெயர்களை வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகளாகப் பதிவு செய்திருப்பதாக அறிவித்தார். நூற்று அறுபத்தேழு கத்தோலிக்கர்கள். சீயோன் கோயில் கத்தோலிக்கக் கோயில் அல்ல. பட்டியல் யாருடையதாக இருந்தாலும் அதற்கு ஒரு வேலி இருக்கிறது.

செப்டம்பர் 1990ஐப் பற்றி எங்கள் கமிட்டியில் யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த மாதம் 5ஆம் தேதி, மட்டக்களப்பை அடுத்த வந்தாறுமூலையில் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை ராணுவம் ஏற்றிக்கொண்டு போனது. யாரும் திரும்பவில்லை. உடல் இல்லை, ஆகையால் அக்காவின் காகிதத்தில் நாளும் இல்லை. பாங்கில் இப்படிப்பட்ட கோப்புகள் எங்களுக்குப் பழக்கம். ஏழு வருஷம் தகவல் இல்லாதவனை இறந்தவனாக எடுத்துக்கொள்ளச் சட்டம் வழி செய்கிறது. எந்தத் தேதியில் இறந்தான் என்பதை மட்டும் அது சொல்லாது. பாரத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒவ்வொரு தடவையும் மேலிடத்துக்கு எழுதிக் கேட்போம்.

இவை எல்லாவற்றிலும் தேசத் துயரம் எது என்று பிரிப்பது ஒன்றும் சிரமமில்லை. கொன்றது கடலாக இருந்தால், அல்லது தேசத்துக்குப் பொது எதிரி என்று சொல்லக்கூடியவனாக இருந்தால், அது தேசத் துயரம். கொன்றவனின் பெயரைச் சொல்ல ராஜாங்கத்துக்குச் சங்கடமாக இருந்தால் அது அரசியல். நான் மதிக்கும் அந்தப் பெரியவர் ராஜாங்கத்தின் சங்கடத்தைத் தம்முடைய சங்கடமாக எடுத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்தார் என்று நான் நினைக்கவில்லை. செய்தித்தாளில் கறுப்புக் கட்டம் போட்டு வந்த மரணத்துக்கு அழுவது பழக்கம். கட்டம் போடாததற்கு அழ முதலில் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

அக்காவின் பட்டியலிலும் ஒரு வேலி இருந்தது. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை யோக்கியமானதாக இருக்காது. வந்தாறுமூலைக்கு ஒரு மாதம் முன்னால், 1990 ஆகஸ்ட் 3 ராத்திரி, மட்டக்களப்பிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கும் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூறு பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் விடுதலைப் புலிகள். அவர்களிலும் சிறுவர்கள் இருந்தார்கள். இருபத்தொன்பது வருஷம் கழித்து ஈஸ்டர் குண்டுகளை ஏவிய கூட்டத்தின் தலைவன் அதே காத்தான்குடிக்காரன். ஒன்றுக்கு ஒன்று பதில் என்று சொல்லுகிற கணக்கை நான் வெறுக்கிறேன். ஆனால் தொழுகையில் இறந்தவர்களையும் ஆராதனையில் இறந்தவர்களையும் அடுத்தடுத்து வாசிக்க இதுவரை எந்தக் கூட்டத்துக்கும் வாய் வரவில்லை என்பதும் உண்மை.

கமிட்டி ஒரு சமரசத்துக்கு வந்தது. கமிட்டிகள் வரும். பெயர்கள் வேண்டாம், இலங்கைத் தேசத்தின் சமாதானத்துக்காகப் பொதுவாக ஜெபிக்கலாம். தமிழ் வேதாகமத்தில் தேசம் என்றால் மண், அங்கே வாழும் ஜனம். எங்கள் தீர்மானத்தில் அந்த வார்த்தை கொடி பிடித்துக்கொண்டு நின்றது.

ஏப்ரல் 21 அன்று போதகர் அப்படியே ஜெபித்தார். முப்பது செகண்டுக்கு மேல் போயிருக்காது. அன்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் மணியும் நம் மணியும் ஒன்றே. எட்டே முக்காலுக்குப் பாட்டு. ஒன்பது ஐந்துக்கு அறிவிப்புகள்: ஈஸ்டர் விசேஷக் காணிக்கை வரவு செலவு. நான் எழுதிக் கொடுத்த கணக்கு.

ஆராதனைக்குப் பிறகு அக்கா காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபம் எதுவும் காட்டவில்லை. "பேரை மட்டும் வாசிச்சாக் காணும் எண்டுதானே கேட்டனான், தம்பி. வேற ஒண்டும் கேக்கேல்லையே" என்றார். மழையில் நனைந்து மடிப்பில் கிழிந்திருந்தது. உங்கள் கையெழுத்து நல்லா இருக்கும், வேறு தாளில் எழுதித் தாருங்கள் என்றார். அடுத்த வாரம் அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பதினொன்றையும் எழுதி முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, காத்தான்குடியில் யாரையாவது தெரியுமா அக்கா என்று கேட்டேன்.

அக்கா உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். "அங்க எனக்கு ஒராளைத்தான் தெரியும். வீட்டுக்குப் புடவை கொண்டாற காக்கா. அம்மா கடனுக்குத்தான் வாங்குவா. அந்த ஆவணிக்குப் பிறகு ஆள் வரேல்லை. நாங்களும் வெளிக்கிட்டுட்டம்." பெயர் தெரியாது. பள்ளிவாசலில் இருந்தாரா இல்லையா, அதுவும் தெரியாது.

பன்னிரண்டாவது வரியில் புடவைக் காக்கா என்று எழுதி, எதிரில் 3.8.1990 என்று போட்டேன். கேள்விக்குறி போடச் சொன்னவர் அக்கா.

ஈஸ்டர் மறுபடியும் ஏப்ரல் 21ல் வருவது 2030ல். அக்கா எழுதிய பழைய காகிதம் என்னிடம்தான் இருக்கிறது, சபைக் கணக்குப் புத்தகத்துக்குள்.